வாய் பேசினால்தான் வேலையா?

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிற கூடத்துக்குள் நுழைந்தால் சந்தைக்குரிய இரைச்சலே இருக்காது. வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். லாட் எண் திரையில் வரும். சாம்பிள் காய் கைக்குக் கை போகும். ஒருவர் இரண்டு காயைப் பிதுக்கி உள்ளிருக்கும் அரிசியைப் பார்ப்பார், இன்னொருவர் உள்ளங்கையில் உருட்டி எட்டு எம்.எம். தேறுமா என்று பார்ப்பார். விரல் ஒரு பொத்தானைத் தட்டும், விலை ஏறும், அடுத்த லாட் வந்துவிடும். 2007இல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவரும் வரை இதே வியாபாரம் குரல் கொடுத்துத்தான் நடந்தது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் என்று மலை முழுக்கப் பேச வைத்த விலைகூடத் திரையில் விழுந்த ஓர் எண்தான்.

ஊரின் முதல் தொழிலே வாய் திறக்காமல் நடக்கிறது. ஆனால் அதே ஊரில் பட்டம் வாங்கும் பிள்ளையிடம், “நாலு பேர் முன்னாடி நல்லா பேசத் தெரிஞ்சாத்தான் வேலை” என்று மூன்று வருடம் விடாமல் சொல்கிறோம்.

கல்லூரிகளில் திறன் படிப்புகளுக்கு இது நல்ல காலம். 2022 மார்ச்சில் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு, பாடத்தோடு பாடமாகக் கோடிங்கும் வேலைவாய்ப்புப் பயிற்சியும் நுழைந்துவிட்டன. ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் தொடங்கிய சி.பி.ஏ. கல்லூரி, 2012இல் வந்த அரசு பொறியியல் கல்லூரி என்று போடிக்கே படிக்க இடமும் இருக்கிறது. கோடிங், வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. அது சைகைமொழி. காது கேளாத பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கேட்கிற பிள்ளைகளுக்கும்.

ஜீப்புக்குப் பிறகு வீட்டில் யார்?

விடியும் முன்பே போடியிலும் தேவாரத்திலும் ஜீப் கிளம்பிவிடும். காய் எடுக்கவும் கவாத்துக்கும் போகிற பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். இப்படிப்பட்ட ஒரு வீட்டில் காது கேளாத குழந்தை பிறந்தால் அதற்கு மொழி எங்கிருந்து வரும்? “நாங்க கை காட்டுனா அவனுக்கு எல்லாம் புரியும்” என்பார்கள். சோறு, தண்ணி, வா, போ வரைக்கும் புரியும். நேற்று ஏன் நீ அழுதாய், நாளை எங்கே போகப் போகிறோம் என்பதற்கெல்லாம் வீட்டுச் சைகை போதாது. பள்ளிக்கூடத்தில் தன்னைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் பலருக்கு முழு மொழி ஒன்று கைக்கு வருகிறது.

ஏனென்றால் இந்தியச் சைகைமொழி வெறும் கையசைப்பில்லை. அதற்கென்று இலக்கணம் உண்டு. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும். ‘என்ன’, ‘எங்கே’ போன்ற கேள்விச் சைகையும் வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கும். கேள்வியா, செய்தியா என்பதைப் பல இடங்களில் முகம்தான் சொல்லும். எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டுவார்கள். அமெரிக்காவில் ஒரு கை போதும். 2015இல் டெல்லியில் அமைந்த இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018இல் 3,000 சொற்களோடு ஓர் அகராதி கொண்டுவந்தது. 2021இல் அது 10,000 சொற்களைத் தொட்டது. அதே ஆண்டு பள்ளி அளவில் சைகைமொழிக்கு மொழிப்பாட அந்தஸ்தும் கிடைத்தது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையோடு வழக்கு நடத்தினார். நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களைப் பார்த்தவர்களுக்கு, கை பேசும் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண் ஒன்று, பார்க்க வேண்டியது இரண்டு

காது கேளாதோருக்குப் பட்டப்படிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் 2007-08 முதல் அவர்களுக்கென்றே பி.காமும் பி.சி.ஏ.வும் நடக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், 1997இல் தொடங்கிய நிஷ் நிறுவனம் கணினி அறிவியலில் பட்டமே தருகிறது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் போடிப் பிள்ளைக்கு இரண்டுமே ஹாஸ்டல் படிப்பு. 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்து, சென்னைக்கு நேர் வண்டியும் ஓடுகிறது என்றாலும், பேசத் தெரியாத பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எத்தனை வீடுகளில் துணிவார்கள்? உள்ளூர்க் கல்லூரியிலேயே சேர்த்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் லேபில் ‘ஃபார் லூப்’ நடத்துகிறார்கள் என்று வையுங்கள். கேட்கிற பிள்ளைக்குக் கண் திரையில் இருக்கும், காது ஆசிரியரிடம் இருக்கும். கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் கண்தான். பெயர்ப்பாளரே பக்கத்தில் நின்றாலும், கையைப் பார்க்கும் நேரத்தில் திரையில் கோடு நகர்ந்துவிடும். திரையைப் பார்த்தால் விளக்கம் போய்விடும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் உதட்டைப் படிக்கவும் வழியில்லை. வீடியோ பாடமென்றால், தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சுக்குத் தானாக ஓடும் எழுத்து வரிகள் எதையோ எழுதிக்கொண்டு போகும்.

இதற்கான மருந்துக்குச் செலவே கிடையாது. முதலில் விளக்கு, பிறகு நிறுத்து. திரையைப் பார்க்க விடு, மறுபடி நிறுத்து. ‘வேரியபிள்’, ‘லூப்’ போன்றவற்றுக்கு வகுப்பிலேயே சைகையை முடிவு செய்துகொள். இப்படி நடத்தினால் பின் பெஞ்சில் விழிக்கிற கேட்கிற பிள்ளைக்கும் பாடம் ஏறும். அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்ப நிறுவன வளாகத்துக்குள் காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1968இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இருதரப்பும் ஒரே வளாகத்தில் படிப்பதால் கேட்கிற மாணவர்களும் சைகைமொழி கற்கிறார்கள்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நம் மாநிலத்தில் காது கேளாத பள்ளி மாணவர்களுக்கு ஒரு மொழித்தாளில் விலக்கு உண்டு. சலுகைதான், சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளை, பைத்தான் முன்னால் உட்காரும்போது எரர் செய்தி முழுக்க ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. அந்த ஆங்கிலத்தைச் சைகைமொழி வழியாகச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைத்துவிட்டால் கணினியைவிட நல்ல முதலாளி கிடையாது. உச்சரிப்பைப் பார்த்து அது யாரையும் எடைபோடுவதில்லை.

‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’

எடைபோடுவது வேலைவாய்ப்புப் பயிற்சி. அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அந்த வகுப்புகளில் என்ன இருக்கிறது? குழு விவாதம், மேடைப் பேச்சு, மாதிரி நேர்முகம், ஆங்கில உரையாடல். எல்லாமே வாய். வேலைக்குத் தயார் செய்கிறோம் என்ற பெயரில் பேச்சுக்கு மட்டும் மார்க் போடுகிறோம். காது கேளாத பிள்ளை கோடிங்கில் தேறி வந்தாலும் இந்த வாசலில் நின்றுவிடும்.

அந்தப் பிள்ளை மட்டுமா நிற்கிறது? வீட்டில் தமிழும் மலையில் மலையாளமும் பேசி, அம்மாவின் வாரக் கூலிக் கணக்கைப் பத்து வயதிலிருந்து பார்த்து வந்த பெண், ஏலக்காய்க் கடையில் பில்லும் ஜி.எஸ்.டி.யும் போட்டுத் தருகிற பையன், இவர்களுக்கும் அந்த அறையில் நா எழாது. குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர்கள். ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும் ஊர்ப் பெயரோடு நின்றுவிடுவார்கள். ‘கம்யூனிகேஷன் வீக்’ என்று எழுதிவிடுவார்கள். எழுதியவருக்கு அது இரண்டு சொல். அந்தப் பெண்ணுக்கு அது மறுநாள் காலை ஜீப். தலைமுறை தாண்டி வந்த பிள்ளையை ஐந்து நிமிட ஆங்கிலம் மறுபடி மலைக்கே ஏற்றிவிடுமோ என்பதுதான் என் கவலை. சைகைமொழியைப் பற்றி எழுத உட்கார்ந்து இங்கே வந்து நிற்பதும் அதனால்தான்.

நிறுவனங்கள் ஆங்கிலம் கேட்கும்போது கல்லூரி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு வயதுக்குள் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் கருவி பொருத்துகிறார்களே, இனி சைகை எதற்கு என்பவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் வேலை என்றாலே பன்னாட்டு நிறுவனம்தானா? குரூப் 4 தேர்வில் நேர்முகமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதில் காது கேளாதோருக்கு 1 சதவீதம் இருக்கிறது. உயர்கல்வியில் 5 சதவீத இடமும் உண்டு. வாய்க்கு வேலையில்லாத இந்த வழிகளை எத்தனை பயிற்சி வகுப்புகளில் விளக்குகிறார்கள்?

கேட்கிற பிள்ளைக்கு இதில் என்ன லாபம் என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. சைகைமொழிபெயர்ப்பில் அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட டிப்ளமோ இருக்கிறது. நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், தேர்வுக்கூடம் என்று பெயர்ப்பாளர் தேவைப்படும் இடங்களுக்குக் குறைவில்லை. கல்லூரியில் ஒரு பருவம் கற்றவர் நாளை வங்கிக் கவுன்ட்டரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உட்கார்ந்தால், மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவர் துணைக்கு ஆள் தேடாமல் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்வார்.

தொடங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் முக்கியம். சொல்லித்தருபவர் காது கேளாதவராக இருக்க வேண்டும். அது அவர்களின் மொழி, அந்தச் சம்பளமும் அவர்களுக்கே போகட்டும். தேர்வு கையால் நடக்க வேண்டும். நாலு விடையில் ஒன்றைக் கறுக்கிற தாளை வைத்தால், ‘வணக்கம்’ காட்டத் தெரியாதவன்கூட நூற்றுக்கு நூறு வாங்கிச் சான்றிதழோடு போவான். கடைசியாக, வேலைவாய்ப்புப் பயிற்சியின் மதிப்பெண்ணில் பாதியாவது செய்து காட்டும் வேலைக்குப் போக வேண்டும். ஒரு கணக்குத் தாள், ஓடுகிற ஒரு புரோகிராம், பிழையில்லாத ஒரு கடிதம் போதும். இந்த மதிப்பெண் மாற்றத்துக்குப் புதுக் கட்டடமோ புது நிதியோ தேவையில்லை. அடுத்த பருவத்துக்கான மதிப்பெண் அட்டவணையைத் திருத்தி எழுத, ஒரு பாடக்குழு ஒரு நாள் கூடினால் ஆகிற வேலை இது.