நிலத்தடி நீரும் நகரின் சட்டமும்

ஆறு வற்றினால் ஊரார் அனைவரும் அறிவர். ஏரி வறண்டால் கரையில் நிற்பவன் கண்ணுக்கே அது புலனாகும். நிலத்தடி நீரோ அத்தகையதன்று. அது குறைவதை ஒருவரும் காண்பதில்லை. ஆதலின் அதனைக் காக்கச் சட்டம் செய்ய முனையும் அரசு, அளந்தறிந்து சொல்லும் அறிஞரின் சொல்லையே நம்ப வேண்டியதாகிறது. அச்சொல் எப்போது செவியேறுகிறது, எப்போது புறக்கணிக்கப்படுகிறது என்பதற்கு ஜப்பான் நாட்டின் ஒசாக்கா நகரம் நல்லதொரு சான்றாகும்.

யோதோ ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்மீது அமைந்த நகரம் ஒசாக்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு நீர் வேண்டும். ஆழ்கிணற்று நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். இயந்திரங்களைக் குளிர்விக்க அது மிக ஏற்றது. விலையும் இல்லை. ஆகவே ஆலைதோறும் கிணறுகள் தோண்டப்பட்டன. 1920களின் இறுதியில் நில அளவையாளர் மட்டம் பார்த்தபோது, நகரின் மேற்குப் பகுதி தாழ்ந்துவருவது தெரிந்தது. 1930களில் சில இடங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தன.

காரணம் யாது? ஜப்பான் நிலநடுக்கம் மிகுந்த நாடு. எனவே நிலவோடே அசைகின்றது என்றனர் சிலர். புது வண்டல் மண் தானே இறுகுகின்றது என்றனர் வேறு சிலர். இக்கருத்துகளுள் எது மெய்யாயினும் மனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆலைகள் வழக்கம்போல் நீரெடுக்கலாம். ஆனால் நகருக்கு நேர்ந்த இடர் பெரிது. 1934ஆம் ஆண்டு செப்டம்பரில் முரோத்தோ புயல் வீசியபோது கடல் பொங்கி ஒசாக்காவின் தாழ்நிலங்களில் புகுந்தது. அப்புயலில் நாடெங்கும் இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 3,000 பேர்.

அக்காலத்தில் ஒசாக்காவில் வானிலை ஆய்வுப் பணியில் இருந்தவர் கியோ வடாச்சி. மிக ஆழத்தில் தோன்றும் நிலநடுக்கங்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். நிலவோடு அசைவதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் அவர் ஊகத்தோடு நில்லாமல் அளவையில் இறங்கினார். கிணற்று நீர்மட்டத்தையும் நிலமட்டத்தையும் தொடர்ந்து குறித்துவந்து ஒப்பிட்டார். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியதோ அதற்கேற்ப நிலம் தாழும் வேகமும் மிகுந்தது. ஆலைகள் நீரை இறைப்பதே நகரம் தாழக் காரணம் என்று 1930களின் இறுதியில் அவர் எடுத்துரைத்தார்.

இது நிகழும் முறை எளிது. நிலத்தடியில் மணற்படுகையும் களிமண் படலமும் மாறிமாறி அமைந்துள்ளன. மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியை மண்துகள்கள் தாங்குகின்றன. மறு பகுதியை அவற்றினிடையே உள்ள நீரின் அழுத்தம் தாங்குகின்றது. மணற்படுகையிலிருந்து நீரை மிகுதியாக எடுத்தால் அழுத்தம் குறையும். அருகிலுள்ள களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிந்து வெளியேறும். பாரம் முன்னிலும் மிகுதியாகத் துகள்கள்மேல் விழ, களிமண் நசுங்கும். பிற்பாடு மணற்படுகையில் நீர் ஊறலாம். நசுங்கிய களிமண்ணோ பழைய பருமனை அடைவதில்லை. தாழ்ந்த நகரம் தாழ்ந்ததுதான்.

வடாச்சியின் கருத்து உடனே சட்டமாகிவிடவில்லை. போர்க்காலத்தில் ஆலைகளே முதன்மை பெற்றன. ஆனால் அப்போரே எவரும் வேண்டியிராத ஒரு சோதனையாகவும் அமைந்தது. 1945இல் குண்டுவீச்சால் ஆலைகள் அழிந்தன, நீரிறைப்பு நின்றது, நீர்மட்டம் உயர்ந்தது, நிலம் தாழ்வதும் ஏறக்குறைய நின்றது. ஆலைகள் மீண்டும் எழுந்து நீரிறைக்கத் தொடங்கியதும் நிலம் மறுபடியும் தாழ்ந்தது. நிலவோட்டின் அசைவு ஆலைக்காகக் காத்திருக்குமா? ஐயம் பெரிதும் அகன்றது.

ஐயம் அகன்ற பின்னும் காலம் கடந்தது. 1950இல் ஜேன் புயல் ஒசாக்காவை மீண்டும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. கடலைத் தடுக்கக் கட்டிய கரைகளும் நிலத்தோடு சேர்ந்து தாழ்ந்தமையால், அவற்றை உயர்த்திக்கொண்டே இருக்க நேர்ந்தது. 1956இல் ஜப்பானிய அரசு தொழிற்சாலை நீர்ச் சட்டத்தை இயற்றியது. குறித்த பகுதிகளில் ஆலைக் கிணறு தோண்ட அனுமதி பெறவேண்டும் என்றது அச்சட்டம். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆலைகளுக்கு வேறு நீர் கிடைக்க வழிசெய்யப்பட்ட அல்லது விரைவில் செய்யப்படவிருந்த பகுதிகளிலேயே கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1961இல் மற்றொரு பெரும்புயல் ஒசாக்காவைத் தாக்கவே, மறு ஆண்டில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கட்டடங்களைக் குளிர்விக்க நீரெடுப்பதற்கும் தனிச் சட்டம் வந்தது. ஆலைகள் ஆற்றுநீருக்கு மாறின. 1960களின் பிற்பகுதியில் ஒசாக்கா தாழ்வது ஏறக்குறைய நின்றுவிட்டது.

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கும் இதே பாடத்தைக் கற்றது. அங்கு 1977இலேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. எனினும் 1980களின் தொடக்கத்தில் நகரின் கிழக்குப் பகுதிகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துகொண்டிருந்தன. குழாய்நீர் புறநகர்களை எட்டியதும், 2004 முதல் கிணற்று நீருக்குப் பாதுகாப்புக் கட்டணமும் விதிக்கப்பட்டதும் நீரிறைப்பைக் குறைத்தன. தாழ்வின் வேகமும் தணிந்தது.

தடை விதித்ததோடு அறிஞரின் பணி முடிந்துவிடுவதுமில்லை. டோக்கியோவில் நீரிறைப்பு கட்டுப்படுத்தப்பட்டபின் நிலத்தடி நீர் வெகுவாக உயர்ந்தது. நீர் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டப்பட்ட நிலத்தடி இரயில் நிலையங்களை அது கீழிருந்து உந்தியது. உயேனோ நிலையத்திலும் டோக்கியோ நிலையத்திலும் தளம் மேலெழாதபடி நங்கூரங்கள் இறக்கிப் பிணைக்க வேண்டியதாயிற்று. குறைந்தாலும் கேடு, உயர்ந்தாலும் இடர். இடைவிடாத அளவை ஒன்றே வழிகாட்டும்.

அறிஞர் சொல் சட்டமாவதற்கு இரண்டு துணைகள் வேண்டும் என்பது இவற்றால் விளங்கும். ஒன்று, எவரும் மறுக்கவியலாத நெடுநாளைய அளவைக் கணக்கு. மற்றொன்று, விலக்கப்படும் நீருக்கு ஈடாக வேறு நீர். முன்னதை அறிஞர் தரலாம். பின்னதை அரசே தரவேண்டும். வடாச்சி காரணத்தைச் சொன்ன காலத்திற்கும் சட்டம் முழு வலிமை பெற்ற 1962ஆம் ஆண்டிற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் தாழ்ந்த நிலம் மீளவில்லை. அந்நிலத்தில் வாழ்வோர் இன்றும் கடல்மட்டத்திற்குக் கீழே, கரைச்சுவரையும் நீரேற்றும் இயந்திரத்தையும் நம்பியே வாழ்கின்றனர்.