கிழக்குக் கடற்கவிகள் – 7: வாய் திறவாத நிலவு

கொரியாவின் பழங்கவிதையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வரும். காசா என்ற நெடும்பாட்டுக்கு ஜொங் சொல்; சிஜோ என்ற மூன்றடிப் பாட்டுக்கு யூன் சொன்தோ. ஜொங் சொல்லைச் சென்ற வாரம் பார்த்தோம். இருவருமே அரசவையில் அமர்ந்தவர்கள். இருவருமே அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள். ஆனால் ஜொங் சொல் மேற்கத்தியர் கட்சியின் தலைவர், யூன் தெற்கத்தியர் கட்சிக்காரர். ஜோசொன் அரசில் அந்த வேறுபாடு ஆளின் தலையையே வாங்கக்கூடியது.

யூன் பிறந்தது 1587-இல், ஹன்யாங்கில். இன்றைய சியோல் அதுதான். சிறு வயதிலேயே குடும்பத்தின் மூத்த கிளைக்குத் தத்துப் போனார். அதனால் தென்கோடியில் ஹேநாம் பக்கம் இருந்த பெரும் நிலபுலன்களுக்கு வாரிசானார். இந்தச் சொத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1616. அரியணையில் குவாங்ஹேகுன், அரசை ஆட்டிவைத்தவர் யீ இச்சொம். அரசுத் தேர்வுகளில் தம் பிள்ளைகளையும் தமக்கு வேண்டியவர்களையும் அவர் தேறவைக்கிறார் என்ற பேச்சு இருந்தது. அதை எழுத்தில் வைத்து மன்னருக்கே அனுப்பினார் யூன். அப்போது அவர் சொங்க்யுன்க்வான் என்ற அரசுக் கல்விச்சாலையின் மாணவர். கையில் பதவி இல்லை, வயது 30-ஐத் தொடவில்லை. விளைவு உடனே வந்தது. கங்வொன் மாகாண ஆளுநராக இருந்த வளர்ப்புத் தந்தைக்குப் பதவி பறிபோனது. மகனை நாட்டின் வடகிழக்கு மூலையில், துமன் ஆற்றங்கரைக் காவலூரான கியொங்வொனுக்கு அனுப்பினார்கள்.

அவருடைய முதல் கொரிய மொழிப் பாடல்கள் அங்கேதான் பிறந்தன. படித்தவர்கள் சீன எழுத்தில் எழுதுவதே மரியாதை என்றிருந்த காலம் அது. கொரிய எழுத்தை மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்டு 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அரசு அலுவலும் அறிஞர் நூல்களும் சீன எழுத்திலேயே நடந்தன. யூனும் சீன மொழியில் நிறையக் கவிதைகள் எழுதியவர்தான். என்றாலும் பனி சூழ்ந்த எல்லையூரில், பெற்றோர் நினைவும் தான் செய்தது சரிதான் என்ற உறுதியும் நெஞ்சை அடைத்தபோது அவருக்குத் தாய்மொழிதான் வந்தது. வாழ்நாள் முழுவதும் சேர்த்து அவர் கொரிய மொழியில் எழுதியவை 75 சிஜோக்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான். அவர் பெயர் நிற்பது அவற்றின் மேல்தான்.

சிஜோ என்பது பாட்டு. கண்ணால் படிப்பதற்கு முன்பே வாயால் பாடப்பட்டது. மூன்று அடிகள், அடிக்கு நான்கு சீர்கள், மொத்தம் ஏறத்தாழ 45 அசைகள். முதலடி ஒன்றைச் சொல்லும், இரண்டாமடி அதை வளர்க்கும். மூன்றாமடியின் தொடக்கத்தில் மூன்று அசையில் ஒரு வெட்டு விழும். அங்கே பொருள் திசை மாறும். திரும்ப அவ்வளவுதான் இடம்.

1623-இல் அரியணை கைமாறியது. இன்ஜோ மன்னரானார், யூன் விடுதலையானார். 1628-இல் தேர்வில் முதலிடம். அதையடுத்து இளவரசர்களுக்கு ஆசிரியர். மாணவர்களில் ஒருவர் பொங்ரிம். பிற்காலத்தில் ஹியோஜோங் என்ற பெயரில் அரசாண்டவர் அவரே. யூனின் வாழ்க்கையில் பிறகு நடந்த நல்லது கெட்டது இரண்டுக்கும் இந்த ஆசிரியர்–மாணவர் உறவே காரணம்.

1636-இன் குளிர்காலத்தில் மஞ்சூக்களின் படை வந்தது. மன்னர் நம்ஹன்சன்சொங் மலைக்கோட்டைக்குள் அடைபட்டார். அரச குடும்பத்தார் காங்வா தீவுக்குப் போனார்கள். ஹேநாமில் இருந்த யூன், ஆட்களைத் திரட்டிப் படகேறி வடக்கே விரைந்தார். போய்ச் சேர்வதற்குள் காங்வா வீழ்ந்துவிட்டது. மன்னர் கோட்டையை விட்டிறங்கி, எதிரியின் முன் மண்டியிட்டுத் தலை தாழ்த்திச் சரணடைந்த செய்தியும் வந்தது. பொங்ரிமைப் பிணையாக ஷென்யாங்குக்குக் கொண்டுபோனார்கள். யூன் படகைத் திருப்பினார். ஹன்யாங்குக்குப் போகவில்லை. உலகமே வேண்டாமென்று ஜேஜு தீவை நோக்கிப் போனவர், வழியில் ஒரு தீவில் இறங்கினார். போகில்தோ என்று அதற்குப் பெயர்.

அங்கே ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் மலை, நடுவில் நின்று பார்த்தால் பாதி விரிந்த தாமரைக்குள் நிற்பதுபோல் இருந்ததாம். தாமரைப் பள்ளத்தாக்கு என்ற பொருளில் புயோங்தோங் என்று பெயர் வைத்தார். வீடு கட்டினார். எதிர்மலைப் பாறைமேல் ஒற்றையறைக் குடில் ஒன்றை அமைத்தார். ஓடையை மறித்துக் குளம் வெட்டினார்.

அந்தக் குளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செயோன்ஜோங் என்ற மண்டபம், இரண்டு குளங்களுக்கு நடுவே. இன்றிருப்பது 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரும்பக் கட்டியது. குளமும் கல்லணையும் பழையவை. அணை பாளக்கற்களால் ஆனது. கற்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, மேலே பலகைபோல் கல்லை மூடி, உள்ளே வெற்றிடமாக விட்டிருக்கிறார்கள். மழை பெய்து ஓடை பெருகினால் தண்ணீர் அதன்மேல் வழிந்து அருவியாகும்; வறண்ட நாளில் அதுவே நடந்து கடக்கும் பாலம். ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் நுழைய ஐந்து துளைகள், வெளியே விழ மூன்று துளைகள். இரண்டு பக்கத்துக்கும் உயரம் வேறு. நீரின் அளவையும் வேகத்தையும் அப்படி அடக்கியிருக்கிறார். குளத்திலிருந்த பெரும்பாறைகளை அப்புறப்படுத்தாமல் அப்படியே இருக்கவிட்டார். நீரோட்டத்தை அளந்து பார்த்த மனிதர்தான் நீரைப் பாடினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவர் அங்கே வாழ்ந்த விதத்தை அவருடைய வழித்தோன்றலான யூன் வீ, 1748-இல் தீவுக்கு வந்து கேட்டறிந்து எழுதி வைத்திருக்கிறார். கோழி கூவும்போது எழுவார். ஒரு கிண்ணம் மது. பிள்ளைகளுக்குப் பாடம். காலையுணவுக்குப் பிறகு சிறுவண்டியில் மண்டபத்துக்குப் புறப்படுவார், பின்னால் வாத்தியக்காரர்கள். வண்ண உடை உடுத்திய சிறுவர்கள் குளத்தில் சிறு படகை மெல்ல ஓட்டியபடி அவர் எழுதிய மீனவர் பாட்டைப் பாடுவார்கள். ஆடுகிறவர்கள் எதிர்மலைப் பாறைமேல் ஆட, அவர்களின் நிழல் தண்ணீரில் விழும்.

இது துறவு ஆகாது. ஹேநாம் சொத்தும் பண்ணையடிமைகளின் உழைப்பும் இல்லாமல் இந்தத் தோட்டம் இல்லை. அதை மறைத்துவிட்டு அவரை மலையோரத்து முனிவராகக் காட்டும் எழுத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே செல்வத்தை வைத்து ஜிந்தோ தீவின் குல்போவில் கடலுக்குக் கரைபோட்டு விளைநிலம் ஆக்கியதும் அவரே. அந்த ஊர் மக்கள் அவருக்குச் சிறு கோயில் எழுப்பி, வழிபாடு நடத்தி வந்திருக்கிறார்கள்.

தீவில் அவரை நிம்மதியாக விடவில்லை. போர் முடிந்து மன்னரை வந்து பார்த்து நலம் கேட்கவில்லை என்று குற்றம் சாட்டி, 1638-இல் கிழக்குக் கரையின் யொங்தொக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு விடுதலை. அதன்பின் ஹேநாம் மலைகளுக்குள் கும்ஸ்வேதோங் என்ற இடத்தில் தங்கி, 1642-இல் ஒரு பாட்டுத்தொகுதி எழுதினார். அதில் ஒரு பகுதிதான் ‘ஐந்து நண்பர் பாட்டு’. கொரியாவில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நண்பர்கள் யார்? நீர், பாறை, பைன் மரம், மூங்கில், நிலவு. மனிதர் ஒருவரும் இல்லை. நீர் ஓயாது, பாறை மாறாது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி வருகிறார். கடைசியில் நிலவு. அதை நண்பனாக ஏற்க அவர் சொல்லும் காரணம், அது எல்லாவற்றையும் பார்க்கிறது, பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்பது.

நான் இந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். வாயைத் திறந்ததால் எல்லைக்குப் போனவர், தந்தையின் பதவியைப் பறிகொடுத்தவர், வாய் திறவாத ஒன்றைத் தேர்ந்து நட்புக் கொள்கிறார். இதை மனம் அடங்கியதன் அடையாளமாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னால் ஆகாததை நிலவில் கண்டு வியந்திருக்கிறார் என்றே படிக்கிறேன். பிறகு நடந்தவை என் பக்கம் நிற்கின்றன.

அதற்கு முன் 1651. போகில்தோவில், 64 வயதில், ‘மீனவரின் நான்கு பருவங்கள்’. பருவத்துக்குப் பத்தாக 40 பாடல்கள். மீனவர் பாட்டு என்ற வகை கொர்யோ காலத்திலிருந்தே இருந்தது. யீ ஹியொன்போ என்ற முன்னாள் அமைச்சர் அதைச் சீர்செய்து வைத்திருந்தார். அது சீனச் சொற்கள் மண்டிய பாட்டு. யூன் அதைத் தூய கொரிய மொழியில் புதிதாக வார்த்தார்.

இதன் கட்டமைப்பு அழகானது. ஒவ்வொரு பாட்டிலும் முதலடிக்குப் பின் ஒரு சிறு கூவல் வரும். படகாட்களுக்குச் சொல்லும் வேலைக்கட்டளை. பத்துப் பாட்டின் கூவல்களையும் வரிசையாக எடுத்தால் ஒரு நாள் முழுதும் கிடைத்துவிடும்: படகை இறக்குவது, நங்கூரம் தூக்குவது, பாய் விரிப்பது, துடுப்பு வலிப்பது, மறுபடி வலிப்பது, பாய் சுருட்டுவது, நிறுத்துவது, கட்டுவது, நங்கூரம் போடுவது, கரையில் சேர்ப்பது. இரண்டாமடிக்குப் பின் துடுப்பு தேயும் ஒலியும் வலிப்பவர்களின் மூச்சும் கலந்த ஓசை. அது நாற்பதிலும் மாறாது. இப்படி நான்கு பருவமும் நான்கு நாளாக விரிகின்றன. இளவேனிலில் மூடுபனி விலகுகிறது, கோடையில் சோறு பொதிந்த இலை படகேறுகிறது, இலையுதிர் காலத்தில் மனித உலகம் எட்டிப் போகப் போக மனத்துக்கு இதமாகிறது. குளிர்காலத்தில் மலையெல்லாம் பனி வெளுத்துக் கிடக்கிறது. அவர் மீன்பிடித்துப் பிழைத்தவர் இல்லை. ஆனாலும் படகில் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதில் இந்தப் பாட்டு தவறுவதில்லை.

ஹியோஜோங் அரியணை ஏறியதும் ஆசிரியரை அழைத்தார். 1652-இல் சடங்குத் துறையில் உயர்பதவி தந்தார். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சுவொனில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். எதிர்க்கட்சி சும்மா இருக்கவில்லை, பதவி நிலைக்கவில்லை.

1659-இல் ஹியோஜோங் இறந்தார். மறைந்த மன்னரின் சிற்றன்னையான மூத்த அரசி எத்தனை காலம் துக்க உடை உடுத்த வேண்டும் என்று கேள்வி எழுந்தது. மூத்த மகன் இறந்தால் மூன்றாண்டு, மற்ற மகனுக்கு ஓராண்டு. ஹியோஜோங் இரண்டாம் மகன். மூத்த இளவரசர் முன்னரே இறந்துவிட்டார். ஓராண்டு போதும் என்றார் மேற்கத்தியர் தலைவர் சோங் சியொல். இவரும் ஹியோஜோங்கின் ஆசிரியர்தான். அரியணையில் அமர்ந்தவரை இரண்டாம் மகன் என்று எப்படி எண்ணலாம், மூன்றாண்டுதான் என்றனர் தெற்கத்தியர். துணியைப் பற்றிய சச்சரவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஹியோஜோங் முறையான வாரிசா என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசிய அந்தக் கேள்வியை யூன் உடைத்து எழுதினார். சோங் சியொல் அரச வழித்தோன்றலையே இரண்டாகப் பிளக்கிறார் என்பது அவர் 1660-இல் அனுப்பிய முறையீட்டின் சாரம். ராஜதுரோகக் குற்றச்சாட்டுக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. முறையீட்டைக் கொளுத்தினார்கள். மறைந்த மன்னரின் ஆசிரியர் என்பதால் உயிர் தப்பியது. 73 வயதில் யாலு ஆற்றின் பக்கம் சம்சுவுக்குப் போனார். தலைக்குமேல் என்ன வந்தாலும் சரி என்று துணிபவர்கள் ‘நாளைக்குச் சம்சு கப்சன் போனாலும் போகிறேன்’ என்று கொரியாவில் சொல்வார்கள். அந்தச் சம்சுதான் இது. பிறகு தெற்கே குவாங்யாங்குக்கு மாற்றினார்கள். 1667-இல் விடுதலை.

திரும்பி வந்தவர் அடுத்த ஆண்டு, மாணவர் கட்டித் தந்த சுவொன் வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்துக் கடல் வழியாக ஹேநாமுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நோகுதாங் என்ற அந்த வீடு இன்றும் அங்கே இருக்கிறது. 1671-இல் போகில்தோ வீட்டில் கண்மூடினார்.

சோங் சியொல் 1689-இல், 80 கடந்த வயதில், ஜேஜுவுக்குத் தண்டனையாகப் போகும் வழியில் போகில்தோவில் ஒதுங்கினார். பழைய எதிரியின் தீவில், கடலோரப் பாறை ஒன்றில் அவர் பொறித்த கவிதை இன்னும் இருக்கிறது. அதே ஆண்டில் அவருக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள்.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. யூன் நிலம் பார்ப்பதில் பெயர்பெற்றவர். ஹியோஜோங்கின் சமாதிக்குச் சுவொனில் ஓரிடம் குறித்துக் கொடுத்தார். சோங் சியொல் தரப்பு தடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தது. அந்தச் சமாதியின் கற்களில் விரிசல் கண்டு, 1673-இல் யொஜுவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சுவொன் நிலம் சும்மா கிடந்தது. அரிசிப் பெட்டிக்குள் அடைபட்டு இறந்த தன் தந்தை சாதோ இளவரசருக்கு நல்ல நிலம் தேடிய மன்னர் ஜொங்ஜோ, யூனின் சொல்லை நம்பி 1789-இல் அங்கே சமாதியை மாற்றினார். அதற்காக ஊர் இடம்பெயர்ந்தது, புதிய ஊருக்கு 1796-இல் ஹ்வாசொங் கோட்டை எழுந்தது. அதை வடிவமைத்தவர் ஜொங் யாக்யோங் என்ற இளம் அதிகாரி. அவருடைய தாய் ஹேநாம் யூன் குடும்பத்துப் பெண். யூனின் கொள்ளுப்பேரனான ஓவியர் யூன் துசொவின் பேத்தி. 1801-இல் ஜொங் யாக்யோங்கும் தண்டனை பெற்று ஹேநாமுக்குப் பக்கத்திலுள்ள கங்ஜினுக்கு வந்துசேர்ந்தார், தாய்வீட்டு நூல்களைத் துணைக்கு வைத்து எழுதத் தொடங்கினார். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.