இணையத் தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்பு வழிப்படுத்தற் பிழைகளும் தீர்வும்

முன்னுரை
உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதியில் பள்ளியோ மருத்துவமனையோ தன் சொந்தக் கணினியில் இணையத் தொலைபேசி இணைப்பகத்தை நிறுவிக்கொள்ள ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. இதனை மார்க் ஸ்பென்சர் 1999இல் உருவாக்கினார். அழைப்பு வழிதவறும்போது இணைய இணைப்பே காரணம் எனக் கருதுவோர் பலர். ஆயின் கருவிகள் வழங்கியுடன் இணைந்திருந்தும் சில எண்களுக்கு மட்டும் அழைப்பு செல்லவில்லையெனில், பிழையை அழைப்புத் திட்டத்தில் தேடுதல் வேண்டும்.

எண் பொருந்தும் முறை
எவ்வெண்ணை எவ்வழியில் அனுப்புவது எனக் கூறும் விதித்தொகுப்பே அழைப்புத் திட்டம். ஒரே பிரிவில் பல விதிகள் பொருந்தினால், முதலில் எழுதப்பட்ட விதியன்று, எண்ணை மிகக் குறுகலாக வரையறுக்கும் விதியே செயற்படும். எனவே விதிகளின் வரிசையை மாற்றுவதால் பயனில்லை.

இரு சான்றுகள்
முதலாவது, 2021 சனவரி 15 முதல் இந்தியாவில் நிலைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க, எண்ணுக்கு முன் 0 இடுதல் கட்டாயமாயிற்று. அதற்கு முன் எழுதப்பட்ட விதி பத்து இலக்கங்களை மட்டுமே நிலைவழி இணைப்புக்கு அனுப்புமாயின், அழைப்பு தோல்வியுறும். 0 சேர்த்து அனுப்புமாறு விதியைத் திருத்துதல் தீர்வாகும்.

இரண்டாவது, அறைகளுக்கு 100 முதல் 199 வரை எண் வழங்கினால், அவசர ஊர்திக்குரிய 108 ஓர் அறையின் எண்ணாகிவிடும். உதவி வேண்டி அழைப்பவருக்கு அடுத்த அறையின் மணியே ஒலிக்கும்; பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அறை எண்களை 200இல் தொடங்கி, 100, 101, 108, 112 ஆகியவற்றுக்குத் தனி விதிகள் எழுதுதல் இன்றியமையாதது.

முடிவுரை
பயனர் அழுத்திய எண், பொருந்திய விதி, வெளியிணைப்புக்குச் சென்ற எண் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் ஒப்பிட்டால் பிழையின் இடம் புலப்படும். அவசர எண்களுக்கான இவ்வொப்பீட்டை இணைப்பகம் பயன்பாட்டுக்கு வருமுன்னரே முடித்தல் வேண்டும்.