தண்டலும் டாலரும்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணி அறிவிப்புக்குப் பிறகு பள்ளிக்கரணையில் முதலில் காணாமற்போனவை தள்ளுவண்டிகள்தாம். வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் இட்லி விற்ற அக்காவிடம் நான் பல வருஷ வாடிக்கை. கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. அவர் வாங்கியிருந்தது தண்டல். பத்தாயிரம் என்றால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டணும். ரேஷன் கடை வரிசையில் பார்த்தபோது, தவணைக்கு ரிசர்வ் வங்கி மூணு மாசம் அவகாசம் கொடுத்திருக்கே என்றேன். 'அது பேங்க்ல வாங்குனவங்களுக்கு தம்பி. இவன் போன்லயே கேக்குறான்' என்றார்.

பெருந்தொற்றின் பொருளாதாரம் பற்றிய சொல்லாடல்களில் 'பெரிய நாடு', 'சிறிய நாடு' என்பவை பரப்பளவாகவும் மக்கள்தொகையாகவுமே புரிந்துகொள்ளப்படுகின்றன. என் பார்வையில் வேறுபாடு அங்கே இல்லை. எந்த நாடு தன் சொந்த நாணயத்தில் கடன்பட முடிகிறது, எது அடுத்தவன் நாணயத்தில் மட்டுமே கடன்பட முடிகிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கா 2020 மார்ச்சில் ஒரே சட்டத்தில் 2.2 லட்சம் கோடி டாலர் ஒதுக்கியது. அது கடன்படுவது டாலரில். டாலரை அடிப்பதும் அதுவே. இந்தியாவின் உற்பத்தி 2020 ஏப்ரல்–ஜூனில் 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. பயங்கரமான சரிவு. ஆனாலும் அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது, அதனால் தாங்கிக்கொண்டது. (தாங்கியது அரசு, அக்கா அல்ல.)

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2018 இல் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் 23 லட்சம். 2021 இல் இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. டாலர் வரும் வாய்க்கால் அடைபட்டது, டாலரில் கட்டவேண்டிய கடனோ அப்படியே நின்றது. எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்டிவிட முடியாதுதான்: 2019 இன் ஈஸ்டர் குண்டுகள், அதே ஆண்டின் வரிக் குறைப்பு, 2021 இன் ரசாயன உரத் தடை எல்லாம் உண்டு. ஆனால் ஜி-20 நாடுகள் 2020 இல் அறிவித்த தவணை அவகாசம் மிக ஏழை நாடுகளுக்கு மட்டுமே; நடுத்தர வருமான நாடான இலங்கைக்கு அதில் இடமில்லை. இடம் கிடைத்த நாடுகளுக்கும் அரசுகள்தாம் அவகாசம் தந்தன. தனியார் பத்திரக்காரர்கள் அனேகமாக யாரும் தரவில்லை. ரேஷன் வரிசையில் கேட்ட அதே பதில்தான் இது.

2021 ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்புரிமைகளைப் பகிர்ந்தது. அவரவர் பங்கு விகிதப்படி என்பதால் அமெரிக்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 11,300 கோடி. பரம ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 2,100 கோடி. பந்தியில் வயிறு நிறைந்தவனுக்கே முதல் இலை!

2022 ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. பத்திரக்காரர்களோடு கணக்கு முடிய 2024 டிசம்பர் ஆயிற்று. அக்காவின் வண்டி அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டது, இன்னொரு தண்டலில்.