புகை அடங்கினால் ஆபத்து போச்சா?

சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் கூட, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், மொட்டை மாடியில் கரி அடுப்பைப் பற்ற வைத்து, கோழி சுடக் கிளம்பி விடுகின்றனர். எங்கள் குடியிருப்பில் மட்டும் மூன்று வீடுகளில் இந்த, 'பார்பிக்யூ' அடுப்பு வந்து விட்டது. தாராளமாகச் சுடட்டும், நமக்கும் ஒரு வேளை அடுப்படியிலிருந்து விடுதலை தான். ஆனால், கரியின் குணம் அவர்களுக்குத் தெரிவதில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள், பாதி சுட்டுக் கொண்டிருக்கும் போதே மழை பிடித்துக் கொண்டது. பக்கத்து வீட்டுத் தம்பி, அடுப்பை அப்படியே தூக்கி வந்து மாடிப்படி அறையில் வைத்து, சாரல் அடிக்கிறதென்று கதவையும் சாத்தி விட்டார். உள்ளே நாலு வாண்டுகள் வேறு!

'கதவைத் திறங்க தம்பி...' என்றால், 'புகையே இல்லீங்கக்கா, வெறும் கங்கு தானே...' என்கிறார்.

விஷயமே அங்கே தான் இருக்கிறது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும். நாமே எழுந்து ஓடி விடுவோம். சிவந்த தணலில் புகை இருக்காது. ஆனால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வந்து கொண்டே இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். சாப்பிட்டது ஒத்துக்கலை போல என்று நினைத்துக் கொள்வோம். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. 2024ல், கொடைக்கானலில், சமைத்த கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்து விட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள், காலையில் எழுந்திருக்கவே இல்லை. இதைச் சொன்னதும் தான், தம்பி கதவைத் திறந்தார்.

ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. கரி அடுப்புக்கு இடம் திறந்த வெளி தான். யாருக்காவது தலை சுற்றினால், முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, உடனே, 108க்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளிலும் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்குக் காற்றுப் படக் கூடாதென்று எல்லாக் கதவையும் அடைத்து, சாம்பிராணிச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து விடுகின்றனர். அந்தச் சட்டியில் இருப்பதும் அதே தணல் தான்! பெரியவர்கள் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை, சட்டியை வெளியே எடுத்து விடுங்கள்.

மற்றபடி, மாடியில் அடுப்பு வைக்கும் போது, துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். நைலான் நைட்டி, பறக்கும் துப்பட்டாவோடு கிட்டே போக வேண்டாம். கரி பிடிக்கவில்லை என்று பெட்ரோலோ, மண்ணெண்ணெயோ ஊற்றினால், தீ 'குப்'பென்று ஊற்றுகிற கை வரைக்கும் வரும். இரண்டு கொட்டாங்கச்சியைப் பற்ற வைத்து மேலே கரியை அடுக்கினால், கால் மணி, அரை மணியில் தானே பிடித்து விடும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். கறியும் மேலே கருகியதைப் பார்த்து வெந்து விட்டதென்று எடுக்காதீர்கள். எலும்பு ஓரம் கீறிப் பார்த்தால் சிவப்புத் தெரியும். பச்சைக் கறி வைத்திருந்த தட்டிலேயே சுட்டதை வைப்பதும் கூடாது.

கடைசியில் சாம்பல். மேலே வெள்ளை பூத்திருந்தாலும், உள்ளே கங்கு மறுநாள் வரை கூட இருக்கும். அவசரத்துக்குத் தண்ணீரைக் கொட்டினால், ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். அடுப்பின் மூடியையும், காற்றுத் துளைகளையும் மூடி விட்டால் தானே அணையும். பிளாஸ்டிக் குப்பைக் கூடையில் கொட்டினால் கூடையும் எரியும், குப்பை வண்டியும் எரியும். இதற்கென்றே மாடியில் மூடி போட்ட பழைய எண்ணெய் டின் ஒன்றை வைத்திருக்கிறேன். மூன்று வீட்டுக்காரர்களும் இப்போது அதில் தான் கொட்டுகின்றனர். இரண்டு நாள் கழித்துத் தான் குப்பைக்குப் போகிறது.

— ஒரு வாசகி, தாம்பரம்.