விரல்கள் எங்கே போயின?

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டு வருகிறது. பிடிதுணியைத் தேட நேரமில்லை. அவசரத்தில் வெறும் கையால் பாத்திரத்தைத் தொட்டுவிடுகிறீர்கள். "ஸ்ஸ்... அம்மா!" யோசித்துப் பார்த்தா கையை இழுத்துக்கொண்டீர்கள்? இல்லை. சுட்டது தெரிவதற்குள் கை தானாகவே வந்துவிட்டது. விரலை ஊதிக்கொண்டே, "இந்த வலி என்ற ஒன்று இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று எத்தனை தடவை முணுமுணுத்திருப்பீர்கள்!

அப்படி வலியே இல்லாத மனிதர்கள் உண்டு, சகோதரிகளே. அவர்களுக்கு என்ன நேர்ந்தது, அதை யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை நம் வேலூரில் நடந்தது.

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பலர் கோட்டையையோ ஜலகண்டேசுவரரையோ பார்க்க வருகிறவர்கள் அல்ல. கையில் எக்ஸ்ரே படமும் கண்ணில் கவலையுமாக, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இந்தியாவில் முதல் திறந்த இருதய ரண சிகிச்சை 1961இல் இங்கே நடந்தது. 1971இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் நடந்தது. இவையெல்லாம் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்த செய்திகள். நான் சொல்லப்போவதோ சுண்டுவிரல் சமாசாரம்!

டாக்டர் பால் பிராண்ட் 1914இல் பிறந்தது நம் கொல்லிமலையில். தாய் தந்தையர் ஆங்கிலேயர். லண்டனில் ரண சிகிச்சை படித்துத் தேர்ந்து, 1946இல் வேலூர்க் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம், செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்க்க டாக்டர் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டு போனார். அந்த நாளில் குஷ்டரோகம் என்பார்கள். கேட்டாலே ஜனங்கள் நாலடி விலகுவார்கள்.

அங்கே மடங்கிப்போன விரல்களும் விரலே இல்லாத கைகளுமாக எத்தனையோ பேர். ஒருவருடைய மடங்கிய கையைப் பிடித்து, "அழுத்துங்கள், பார்க்கலாம்" என்றார் டாக்டர். அவர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு உயிர் போய்விட்டது! செத்த கை என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் இவ்வளவு பலமா? எலும்பு மூட்டு வைத்தியர்கள் யாராவது இந்தக் கைகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை. அன்றைக்கே அவருடைய வாழ்க்கை திரும்பிவிட்டது.

இந்த நோய் வந்தால் சதை கெட்டுப்போகும், புண் ஆறாது, விரல்கள் தாமாகவே அழுகி உதிரும் என்றுதான் ஜனங்களும் நம்பினார்கள், வைத்தியர்களும் நம்பினார்கள். பிராண்டுக்கு மட்டும் சந்தேகம். உதிர்ந்த விரலை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். நோய் கண்ட ஒரு சிறுவன் வந்து, சிரித்துக்கொண்டே சாவியை வாங்கித் திருகினான். பூட்டு திறந்துகொண்டது. கூடவே தரையில் ரத்தச் சொட்டு! பையனின் விரல் எலும்பு தெரியும்படி கிழிந்திருந்தது. அவனோ ஒன்றுமே நடவாதது போல நின்றான். அவனைப் பொறுத்தமட்டில் ஒன்றும் நடக்கவும் இல்லை!

அன்று முதல் டாக்டரும் அவருடைய சகாக்களும் துப்பறியும் வேலையில் இறங்கினார்கள். நோயாளிகளின் கையில் ஒரு கீறல் கண்டாலும், எப்போது, எதைத் தொட்டபோது, எப்படி வந்தது என்று விசாரணை. ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியிருப்பார். இன்னொருவர் சொரசொரப்பான மண்வெட்டிக் காம்பை நாள் முழுதும் இறுகப் பிடித்திருப்பார். வேறொருவர் விளக்குச் சிம்னியைத் தொட்டிருப்பார். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் அகப்பட்டது.

ஒன்றுக்கு மட்டும் அகப்படவில்லை. இரவு படுக்கும்போது இருந்த விரல் காலையில் எழுந்தால் இல்லை! எப்படிப் போயிற்று? இரவெல்லாம் விழித்திருந்து காவல் காத்தார்கள். நடு நிசியில் விடை கிடைத்தது: எலி. கடித்துக் கொறித்தபோதும் தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. மறுநாளே எலிப்பொறிகள் வந்தன. பொறிகள் போதாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை என்று கொடுத்துவிட்டார்கள்! உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலாவது டாக்டர் பூனையை மருந்தாக எழுதிக் கொடுத்ததுண்டா?

கைகளைத் தினந்தோறும் பார்த்துப் பாதுகாத்தவர்களுக்கு விரல் குறையவில்லை. புண்ணும் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. விரல்களைத் தின்றது நோய் அல்ல. நோய் தின்றது நரம்பை. முழங்கையிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும், தோலுக்கு அருகே சற்றுக் குளிர்ச்சியாக ஓடுகிற நரம்புகளை அந்தக் கிருமி முடக்கிவிடுகிறது. வலி என்கிற காவல்காரன் போய்விட்டான். வீடு கொள்ளை போயிற்று. அவ்வளவுதான்.

ஆனால் மடங்கிய விரல்கள்? 1948இல் முதல் ரண சிகிச்சை நடந்தது. தொழுநோயாளியைப் பொது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பயந்த காலம் அது. முழங்கையருகே ஒரு நரம்பு செத்தாலும், முன்கையில் வேறு நரம்பின் வசத்தில் இருக்கிற தசைகள் நன்றாக வேலை செய்கின்றன அல்லவா? அவற்றின் நாணை எடுத்து விரலோடு இணைத்தார்கள். விரல் நிமிர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத வேடிக்கை. சிகிச்சை முடிந்து போன சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்களாம். கோணல் கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள், நேரான கைக்குப் போடமாட்டேன் என்கிறார்களாம்! வேலை கொடுப்பாரும் இல்லை. அதற்காகவே கல்லூரி வளாகத்தில் குடிசைகள் கட்டி, 'நவஜீவ நிலையம்' என்று பெயர் வைத்துத் தச்சு வேலை கற்பித்தார்கள்.

டாக்டரின் மனைவி மார்கரெட் பிராண்ட் கண்களைக் கவனித்துக்கொண்டார். இமை கொட்டாத கண் காய்ந்து பார்வை இழக்கும். நெற்றிப்பொட்டில் இருக்கும், மெல்ல உதவுகிற தசையில் கொஞ்சத்தை இமையோடு இணைத்தால், பல்லைக் கடித்தவுடன் இமை மூடிக்கொள்ளும். டாக்டர் மேரி வர்கீஸ் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1954இல் விபத்தில் இரண்டு கால்களும் செயலற்றுப்போன அந்தப் பெண்மணி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். ஊனமுற்றோர் மறுவாழ்வுக்காக 1966இல் வேலூரில் நிலையம் தொடங்கியதும் அவருடைய உழைப்பால்தான்.

கையை விடக் கால் பொல்லாதது. கையையாவது பார்த்துக்கொண்டே வேலை செய்கிறோம். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? ஆம்பூர் என்றதும் உங்களுக்குப் பிரியாணி நினைவுக்கு வரலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலும் காலணியும்தான் கடல் கடந்து போகின்றன. அந்தச் சீமையிலேயே, உணர்ச்சியற்ற பாதத்துக்கு ஏற்ற செருப்பு இல்லை! மரம், பிளாஸ்டிக் என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர் கைகொடுத்தது. 1955இல் திறக்கப்பட்ட கரிகிரி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே செருப்புப் பட்டறை உண்டு. அந்தச் செருப்பில் ஆணி கிடையாது. ஆணி மேலே கிளம்பிக் குத்தினால் தெரியாதே! குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் உண்டு. கழன்று விழுந்தாலும் தெரியாதே!

இன்று தொழுநோய்க்கு 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்து இருக்கிறது. இலவசமாகவே கிடைக்கிறது. 6 மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிவிடும். ஆனாலும் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். செத்த நரம்பை உயிர்ப்பிக்க மருந்து இன்னும் வரவில்லை. மரத்துப்போன தேமலை மறைக்காமல் காட்டுகிறவர்களே பிழைத்தார்கள்.

"நமக்கு எதற்கு இந்தக் கதை?" என்கிறீர்களா? உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதி யாருக்கு? மாமனாருக்கா, அம்மாவுக்கா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. பல வருஷம் சர்க்கரை ஏறியே இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துவிடும். அப்புறம் அதே சிறுவன், அதே பூட்டு! 1966இல் அமெரிக்கா போன பிராண்ட், வேலூரில் கற்ற பாடத்தை அங்கே நீரிழிவுக்காரர்களின் கால்களுக்கும் பயன்படுத்தினார். இன்று டாக்டர்கள் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் 'எம்.சி.ஆர்.' செருப்பு, தொழுநோயாளிகளுக்காகப் பிறந்த அதே ரப்பர்ச் செருப்புதான்.

இன்று இரவு மாமியார் படுக்கப் போகுமுன் அவருடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் விடாதீர்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால், "வலிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிராமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். காலையில் செருப்பை உதறிக் கொடுங்கள். வெந்நீரை அவர் காலால் பார்க்க வேண்டாம். உங்கள் முழங்கையால் பாருங்கள். "என்னடி இது புதுப் பழக்கம்?" என்று அவர் கேட்டால், பூனையை மருந்தாகக் கொடுத்த டாக்டரின் கதையைச் சொல்லுங்கள்.