பாதி விலையில் வீடியோ கேம்! பண்டிகைக் கூட்டத்தில் பர்சைத் திறக்கும் தகப்பன்மாரே, உஷார்!

மதுரை:-

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் கிடையாது. தெற்கு மாசி வீதி, நேதாஜி ரோடு எங்கும் ஜனவெள்ளம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரமே போனஸ் பணத்தோடு இங்கே வந்து இறங்குகிறது.

போலீசார் உயரமாகப் பரண் கட்டி, மைக்கைப் பிடித்து "பர்சு பத்திரம், நகை பத்திரம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கேமராவும் உண்டு. பிக்பாக்கெட் ஆசாமி எப்படியும் சிக்கிக்கொள்வான். ஆனால் தகப்பனாரே சிரித்த முகத்தோடு பர்சைத் திறந்து, நோட்டை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்துவிட்டு ஏமாந்து போகிறாரே, அதை எந்தக் கேமரா பிடிக்கும்?

இந்தக் காலத்துப் பையன்களுக்குப் புதுச் சட்டை போதவில்லை. "அப்பா, வீடியோ கேம்!" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கைக்கருவி முதல் ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டி வரை சரக்கு இருக்கிறது. எதை வாங்கினாலும் ஏமாற ஒரு வழி இருக்கிறது.

10,000 ஆட்டமாம்!

விரல் நீளத்தில் ஒரு குச்சி. டி.வி.யின் பின்னால் செருகவேண்டும். கூடவே வயர் இல்லாத இரண்டு ஜாய்ஸ்டிக். அட்டைப்பெட்டியில் "10,000 கேம்" என்று கொட்டை எழுத்து. பக்கத்திலேயே கார் பந்தயம், துப்பாக்கிச் சண்டைப் படம். "ரெண்டாயிரம் சொல்றது சார், உங்களுக்காக ஆயிரத்து ஐந்நூறு" என்பார் கடைக்காரர்.

1990-களில் டி.வி. வீடியோ கேம் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அப்போது கேசட்டில் "9999999 இன் 1" என்று போட்டிருந்தான். உள்ளே இருந்தது மரியோ, கான்ட்ரா என்று சொற்ப ஆட்டம். அதையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கி வைத்திருந்தான். குச்சியிலும் அதே வித்தைதான். பெரும்பாலும் 1980, 90-களில் வந்த ஆட்டங்கள். உரிமம் வாங்காமல் நகல் எடுத்து அடைத்தவை. எல்லாம் இருப்பது நகம் அளவு மெமரி கார்டில். அது கெட்டுப்போனால் அத்தோடு கதை முடிந்தது. பெட்டியில் விலாசமும் இருக்காது, கையில் பில்லும் இருக்காது.

சின்னப் பிள்ளைக்கு லீவில் பொழுது போனால் சரி என்றால் வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் பெட்டிமேல் இருக்கிற படத்தை நம்பவேண்டாம். கடையிலேயே டி.வி.யில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முதல் நாலு ஆட்டத்தைத்தான் காட்டுவார். பட்டியலின் நடுவிலே நாலு, கடைசியிலே நாலு தட்டிப் பாருங்கள். சாயம் வெளுத்துவிடும்.

பெட்டியைத் திருப்பிப் பார்!

அடுத்தது பெரிய சமாச்சாரம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாம் ஒரு குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கக்கூடியவை. இங்கே முதலில் பார்க்கவேண்டியது விலையை அல்ல, பெட்டியின் முதுகை.

வெளிநாட்டில் இருந்து வரும் பொட்டலச் சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம், எம்.ஆர்.பி., புகாருக்கான போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கவேண்டும் என்பது 2011-ம் ஆண்டு விதி. அந்த ஸ்டிக்கர் இல்லையா? அப்படியானால் யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். விலை குறையும். ஆனால் ரிப்பேர் வந்தால் இந்தியக் கம்பெனி "எங்க சரக்கு இல்லை" என்று கையை விரித்துவிடும். 2017-ல் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் அதிகாரபூர்வமாக இந்தியாவில் இறக்கப்படவே இல்லை. ஆகவே அதை வாங்குகிறவர், வாரன்டியைக் கடைக்காரரின் வாய்வார்த்தையாகத்தான் வாங்குகிறார்.

"பில் போட்டா வரி சேருமே சார்" என்பது இன்னொரு பழைய பாட்டு. எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் உட்பட உள்ள விலை. அதற்குமேல் வரி கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஆடியிலும் வந்தது தள்ளுபடி!

"இந்த விலை இனி வராது" என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு கணக்கைப் பாருங்கள்.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. விலை ரூ.49,990. ஜனவரி 12 பகல் 12 மணிக்கு முன்பதிவு திறந்தார்கள். சில நிமிடங்களில் காலி! பிறகு நடந்தது தியேட்டர் வாசல் பிளாக் டிக்கெட் கதைதான். பொறுக்க முடியாதவர்கள் கூடக் கொடுத்து வாங்கினார்கள்.

பின்னால் விலை ரூ.54,990 ஆனது. ஆனால் 2023 ஜூலை 25-ல் அதே பெட்டியில் ரூ.7,500 குறைத்து ரூ.47,490-க்குக் கொடுத்தார்கள். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. தமிழ்க் கணக்குப்படி பார்த்தால் ஆடி மாதம்! அந்த வருஷம் நவம்பரிலேயே அமெரிக்காவில் 'ஸ்லிம்' என்ற மெலிந்த மாடல் வந்துவிட்டது. இந்தியாவுக்கு 2024 ஏப்ரலில் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஆடியில் பழைய சரக்கைத் தள்ளுகிற அதே சூத்திரம்தான். பழைய மாடலை அப்போது வாங்கியவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே ஆட்டம்தானே!

இதில் இன்னொரு கண்ணி. ஸ்லிம் வந்தபோது டிஸ்க் போடுகிற மாடல் ரூ.54,990, டிஸ்க் போடாத மாடல் ரூ.44,990. பத்தாயிரம் மிச்சம் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். ஆனால் அப்போது பெரிய ஆட்டம் ஒன்றின் விலையே 4,999 வரை போனது. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்துவிட்டு விற்கலாம், சிநேகிதனோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் இல்லையென்றால் கம்பெனியின் ஆன்லைன் கடை ஒன்றுதான் கதி. அங்கே வாங்கியதை விற்கவும் முடியாது. வருஷத்துக்கு நாலு ஆட்டம் வாங்குகிற வீட்டில் அந்தப் பத்தாயிரம் எத்தனை நாள் தாங்கும்?

வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் புதுப் பெட்டியே வேண்டாம். 'ஸ்டீம்' கடையில் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகள் நடக்கின்றன. பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 'எபிக்' கடை 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5 ஆட்டத்தையே சும்மா கொடுத்தது. (அது பெரியவர்களுக்கான வெட்டுக்குத்து ஆட்டம். பத்து வயதுப் பையனுக்கு இலவசம் என்றாலும் ஆகாது.)

ஓடுது கடிகாரம்!

செல்போனில் வாங்குகிறவர்கள் கதை தனி. 2014 அக்டோபர் 6-ல் பிளிப்கார்ட் முதல்முதலாக 'பிக் பில்லியன் டே' நடத்தியது. தளம் திணறியது, பல பொருள்கள் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்தன, விலை ஏற்றிக் காட்டியதாகவும் புகார். மறுநாளே நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

"இன்னும் 2 மட்டுமே பாக்கி", "10 நிமிடத்தில் முடியும்" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் ஆணையம் 2023 நவம்பரில் உத்தரவே போட்டிருக்கிறது. ஆகவே பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். ரூ.80,000-ஐ அடித்துவிட்டு 50,000 என்று காட்டினால், உண்மையில் அது என்ன விலை விற்றது என்று சீட்டு சொல்லும்.

"வட்டியில்லாத் தவணை" என்றாலும் மயங்கவேண்டாம். கிரெடிட் கார்டில் 'சைபர் வட்டி' என்பது வட்டியை வேறு கட்டணத்தில் ஒளித்துவைக்கும் வேலை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்தது. ரொக்கத்துக்கு என்ன தள்ளுபடி என்று கேட்டுவிட்டு, பிறகு தவணையைக் கூட்டிப் பாருங்கள்.

பாக்கெட் வந்ததும் பிரிப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோ எடுப்பது நல்லது. உள்ளே சோப்புக் கட்டி இருந்தால் அதுதான் சாட்சி. முகம் தெரியாத விளம்பரத்தில் "பிஎஸ்5 பத்தாயிரம்" என்று பார்த்துப் பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930-க்குப் போன் போடவேண்டும். பணம் கை மாறுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. கடை சம்பந்தமான குறைக்கு 1915.

அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுத்தால் போதும். விற்ற கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், செல்லூர்க்காரர் செல்லூரில் இருந்தபடியே மதுரையில் வழக்குப் போடலாம் என்கிறது 2019-ம் ஆண்டுச் சட்டம். போகும்போது பில்லை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.